ஈரத்தோடு மடிக்கக் கூடாது

என் மனைவி படகுகளுக்கு உடுப்பு தைப்பவள். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் அவள் அப்படித்தான் சொல்வாள். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கித்தான் கடை. அங்கே கிழிந்த பாய்களுக்கு ஒட்டுப்போடுவாள், நிறுத்தி வைத்த படகுகளை வெயிலும் மழையும் தின்றுவிடாமல் மூடிவைக்க உறை தைப்பாள். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டி, விரலைவிட நீளமான ஊசியை முரட்டுத் துணிக்குள் தள்ளித் தள்ளி, அவளுடைய வலது தோள் சற்று உயர்ந்தே போய்விட்டது. நான் அவளை ஊசி என்று கூப்பிட்டேன். கையில் பிடித்ததற்காக மட்டும் இல்லை. வாயும் அப்படித்தான். குத்தும், ஆனால் குத்திய இடத்தைத் தைக்காமல் நகராது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். "நீங்க அடுத்தவன் எழுதினதைப் படிக்கிறீங்க. நான் அடுத்தவன் ஏறிப்போற படகுக்குத் தைக்கிறேன். நல்ல ஜோடிதான் போங்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் ஆசை இருந்தது. அவளுக்குச் சொந்தமாக ஒரு படகு வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பேர் படுத்து எழுந்திருக்க இடம் இருந்தால் சரி. பழையதாக இருந்தால் இன்னும் நல்லது, அதன் நோய்நொடி எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பாள்.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாட்டில் ஒரு பாய்ப்படகு விற்பனைக்கு வந்திருந்தது.

"இதுக்கு நான் உடுப்பு தச்சிருக்கேன். பாய்மரம் முறிஞ்சு நம்ம துறைமுகத்துல வந்து நின்னுச்சே, அந்தப் படகு. பேரைப் பாருங்க."

அந்த எழுத்து எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தைக்கும்போதுகூடப் படகுக்காரர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே நூலால் வரைந்தாளாம். அந்தப் பெயருக்கு அவர்கள் மொழியில் ஞாயிற்றுக்கிழமை என்று பொருள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி. மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் மெக்கானிக். படகு வாங்கினால் ஓட்டி வரப்போகிறவன் அவன்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. அங்கே ஒரு வக்கீலைப் பிடிக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் அவனுக்குப் புரையேறியது.

"வக்கீல் எதுக்குக்கா? நாம படகு வாங்கப் போறோமா, பாகப்பிரிவினைக்குப் போறோமா?"

"உனக்குப் பொண்ணு பாத்தப்போ தெருமுழுக்க விசாரிச்சோம்ல?"

"விசாரிச்சு? கடைசியில நடக்கலையே."

"அவங்களும் விசாரிச்சாங்கடா, அதான்."

அந்த ஊரில் நம் மொழி பேசும் ஒரு பெண் வக்கீலை அவளே தேடிப் பிடித்தாள். பழைய துணியைத் தையல் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அவள் சட்டம். வக்கீலம்மாவோடு அவள் தொலைபேசியில் பேசியது ஒரே முறைதான். அதற்குப் பிறகு அவளுக்கு மூச்சுத் திணறல் வந்தது. மழைக்காலம் முடியும் முன் அவள் போய்விட்டாள்.

துக்கத்தைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இறந்தவர்களிடமிருந்து புதிதாக எதுவும் வருவதில்லை. அவள் சொன்னது, செய்தது, கோபித்தது என்று என்னிடம் இருந்ததையே நான் புரட்டிக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் ஒரே பக்கத்தைப் பலமுறை பார்த்தால் கடைசியில் எழுத்து கண்ணில் நிற்காது. அவளும் அப்படி ஆகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் அவள் தும்முவது எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. அன்று மதியம் மச்சானைக் கூப்பிட்டேன்.

"மாப்ளே, அந்தப் படகை வாங்கிடலாம்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. "உங்களுக்குக் கடல் ஒத்துக்காதே மாமா. குளத்தைப் பாத்தாலே தலை சுத்தும் உங்களுக்கு" என்றான். பிறகு, "எப்போ கிளம்பணும்?" என்றான்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே சோப்பு நீராவி கூடவே ஏறி வந்தது. ஜன்னலோரம் நனைந்த குடை விரித்தபடி கிடந்தது. வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு மேசையெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டம்மா போன்ல என்னைக் குறுக்கு விசாரணை பண்ணாங்க. நான் வக்கீலா, அவங்க வக்கீலான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றார். பிறகு குரலை இறக்கி, "வருத்தமா இருக்குங்க" என்றார்.

மச்சான் தன் சந்தேகத்தை விடவில்லை. "ஏம்மா, படகு கண்ணு முன்னாடி நிக்குது, விக்கிறவரும் நிக்கிறாரு. இதுல சட்டம் எங்க வருது?"

"நிலம் வாங்கினா வில்லங்கம் பாப்பீங்கல்ல? படகுக்கும் வில்லங்கம் உண்டு தம்பி. நிலமாவது ஒரே இடத்துல கிடக்கும். இது ஓடும். போன இடமெல்லாம் பாக்கி வச்சிட்டு வந்திருக்கும். ரிப்பேர் பண்ணவனுக்குப் பாக்கி, கட்டி வச்ச துறைக்குப் பாக்கி. அதெல்லாம் வித்தவரோட போகாது. பாசி மாதிரி படகோடயே ஒட்டிக்கிட்டு வரும். நீங்க உங்க ஊரு போய்ச் சேர்ந்து கால் நீட்டி உக்காருவீங்க, எவனோ ஒருத்தன் வந்து படகைச் சங்கிலி போட்டுக் கட்டுவான்."

மச்சான் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

செய்ய வேண்டியதை அவர் எளிமையாகச் சொன்னார். படகை ஒரு நிபுணர் தட்டிப் பார்ப்பார். எங்கள் பணம் விற்பவரிடம் போகாது, வக்கீலம்மாவின் பொறுப்பில் இருக்கும். பதிவு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து, படகில் எழுதியிருக்கும் பெயரும் எண்ணும் தங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போனால் அந்த நாட்டுப் பதிவிலிருந்து படகை நீக்கிச் சான்று தருவார்கள். அதன் பிறகுதான் பணம் அந்தப் பக்கம், படகு இந்தப் பக்கம்.

"அது வரைக்கும் படகு அவருது. அதுல தங்கிக்கலாம்னு அவர் பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருக்காரு. ஆனா நீங்க விருந்தாளி. விருந்தாளி பாத்திரம் கழுவலாம், சுவரை இடிக்கக் கூடாது. ஒரு ஆணிகூட அடிக்காதீங்க. ஒப்பந்தத்துல எழுதியிருக்கேன். எதையாவது மாத்தினீங்கன்னா விக்க மாட்டேன்னு சொல்ல அவருக்கு உரிமை உண்டு."

விற்பவர் துறைமுகத்தில் காத்திருந்தார். ஒரு காலத்தில் பயணிகள் படகில் சுக்கான் பிடித்தவர். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது, தலையசைப்பும் கையசைப்பும்தான். படகைச் சுற்றிக் காட்டிவிட்டு, தளர்ந்திருந்த கயிற்றைக் கரைக்கட்டையில் இறுக்கிக் கட்டினார். கட்டையை ஒரு தட்டுத் தட்டி வாய்க்குள் ஏதோ சொன்னார்.

மச்சான் என் காதருகே வந்தான். "மாமா, இவரு 'போதும்'னு சொல்றாரு."

"பசி காதை அடைக்குது உனக்கு."

"பசிச்சவன் காதுல 'இன்னும் கொஞ்சம்'னுதான் மாமா கேக்கும்."

படகு அவள் சொன்ன மாதிரியே இருந்தது. உள்ளே நடுவில் ஒரு சின்ன அடுப்பு, இரண்டு பக்கமும் படுக்கை போன்ற பலகைகள். படகின் முன்னால், மூக்குப் பக்கம் இன்னும் சிறிய ஓர் அறை. அதில் இருந்த படுக்கையின் மேல் கயிறும் மிதவை அங்கிகளும் குவிந்து கிடந்தன. நாங்கள் நடுவிலேயே எதிரெதிராகப் படுத்துக்கொண்டோம். படகு அசையும்போதெல்லாம் என் வயிறு தனியாக அசைந்தது. மச்சான் எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் திணித்து, மோந்து பார்த்துக்கொண்டே தூங்கச் சொன்னான்.

அதிகாரி இன்று வருவார், நாளை வருவார் என்று நாள் போயிற்று. மச்சானுக்கு எஞ்சினைத் துடைக்கும் வேலை இருந்தது. எனக்குத் தேடும் வேலை. அவள் தைத்த உறை எங்கும் காணவில்லை. விளம்பரப் படத்திலும் அது இல்லை. கித்தானுக்கு ஆயுசு குறைவு என்று அவளே சொல்வாள். எப்போதோ கிழித்து எண்ணெய் துடைத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மேல்தட்டின் விளிம்பில் உறையை மாட்டும் பித்தளைக் கொக்கிகள் மட்டும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு அளவெடுத்தவள் அவள்தானே. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டு படகைச் சுற்றி வந்தேன். பித்தளை குளிர்ந்திருந்தது. அதற்குமேல் அது எதுவும் சொல்லவில்லை.

அவள் ஆசைப்பட்ட படகில் வந்து உட்கார்ந்தால் அவள் கொஞ்சம் கிட்டத்தில் வருவாள் என்று நம்பி வந்தவன் நான். வந்து பார்த்தால் இது யாருடைய படகாகவோ இருந்தது. மச்சான் எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கப் போன ஒரு மதியம், கீழ்ப்பெட்டியில் இருந்த பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். படகின் பின்பக்கத்தில் இருந்த பெயரை வெள்ளையடித்து மறைத்தேன். காய்ந்ததும் அதன்மேல் நம் எழுத்தில் 'ஊசி' என்று எழுதினேன்.

திரும்பி வந்த மச்சான் எண்ணெய் டப்பாவைக் கீழே வைக்காமலே நின்றான்.

"படகுக்கு எவனாவது ஊசின்னு பேர் வைப்பானா மாமா? ஓட்டை விழுந்துடப் போவுது!"

சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி, எண்ணெய்த் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூக்கில் கருப்பாக ஒட்டிக்கொண்டது.

அடுத்த நாள் நாங்கள் துறைமுகத்துக் குளியலறையில் இருந்தபோது அதிகாரி வந்துவிட்டுப் போயிருக்கிறார். சற்று நேரத்தில் வக்கீலம்மா அழைத்தார்.

"படகைக் காணோமாமே!"

"எந்தப் படகை?"

"உங்க படகை! அந்தப் பேர்ல அங்க ஒரு படகும் இல்லைன்னு அவர் எழுதிட்டுப் போயிட்டார்."

"வக்கீலம்மா, நான் அதுலதான் உக்காந்திருக்கேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "பின்பக்கத்துல என்ன பண்ணீங்க?" என்றார்.

குடையோடு வந்து இறங்கியவர், கரையில் நின்று அந்த இரண்டு எழுத்தையும் பார்த்தார். "எனக்கு நம்ம பாஷை பேசத்தான் தெரியும், படிக்க வராது. என்ன அது?"

"ஊசி."

"ஊசியா?"

"என் மனைவி."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, துடைத்து, மறுபடியும் நெற்றியிலேயே ஏற்றிக்கொண்டார்.

"அழுறதுன்னா இப்பவே அழுதுடுங்க. படகுக்காரர் வந்துட்டிருக்கார். கோபமா வர்றார். அவர் வேண்டாம்னு சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த வரியை எழுதினவளே நான்தான்."

தாடிக்காரர் வந்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். வக்கீலம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கடல்ல அவசரக்காரன்தான் முதல்ல சாவான்னு சொல்றார். அவசரக்காரங்க கையில தன் படகைக் கொடுக்கறதா இல்லையாம். நாளைக்குள்ள இறங்கிடச் சொல்றார்."

மச்சான் என் கையைப் பிடித்தான். இந்தப் படகு இல்லையென்றால் வேறு படகு என்பதெல்லாம் எனக்குக் கிடையாது. அவள் விரல் பட்டது என்று உலகத்தில் மிதந்துகொண்டிருப்பது இது ஒன்றுதான். எனக்கு வேறு வாதம் தெரியவில்லை.

"இந்தப் படகுக்கு உறை தச்சவ என் மனைவின்னு சொல்லுங்க. எங்க துறைமுகத்துல, பாய்மரம் முறிஞ்சு வந்து நின்னப்போ. அவ இப்ப இல்லைன்னு சொல்லுங்க."

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சட்டத்துக்கு அது வேணுமான்னு தெரியல."

அவர் மொழிபெயர்த்தார். தாடிக்காரர் வக்கீலம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். தன் உள்ளங்கையை விரித்து, அதன் குறுக்கே ஒரு பட்டை போல விரலை ஓட்டிக் காட்டினார். நான் தலையாட்டினேன். அவர் படகில் ஏறினார்.

மூக்கு அறையில் இருந்த கயிற்றையெல்லாம் வெளியே வீசினார். படுக்கையின் அடிப்பலகையைத் தூக்கினார். உள்ளே, மாற்று நங்கூரத்தைச் சுற்றி ஒரு மூட்டை. அதை அவிழ்த்து மேல்தட்டில் விரித்தார்.

நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது மழைமேகத்தின் நிறம். அதன் நடுவில் அந்தப் பெயர், வெள்ளை நூலில். ஒவ்வோர் எழுத்தின் முடிவிலும் ஊசி திரும்பி வந்து மறுபடி போயிருந்தது. மூலையில் சிவப்பு நூலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. என் சட்டைப் பொத்தான்களையும் அவள் அப்படித்தான் முடிப்பாள். நான் மண்டியிட்டு அதைத் தொட்டேன். படகு அசைந்தது, என் வயிறு அசையவில்லை.

தாடிக்காரர் பேசப் பேச வக்கீலம்மா சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரலிலிருந்து வக்கீல் மெதுவாக இறங்கிப் போனார்.

"உறையை மாட்ட வந்த அன்னைக்கு மழை பிடிச்சுக்கிச்சாம். உள்ள வந்து உக்காரச் சொல்லியிருக்கார். இவர் டீ போட்டுட்டுப் பாத்தா, உங்க வீட்டம்மா அந்த முன் படுக்கையில தூங்கிட்டாங்களாம். கையில தோல்பட்டையைக்கூட அவுக்காம. பாவம், அசந்து போயிருக்காங்கன்னு இவர் எழுப்பல. ரெண்டு தடவை டீ ஆறிப்போய் ரெண்டு தடவை சுட வச்சாராம்."

நான் அந்தச் சிவப்புக் குறியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"எழுந்ததும் வெட்கப்பட்டாங்களாம். இவர் சைகையில கேட்டிருக்கார், இடம் ரொம்பச் சின்னதா இருக்கான்னு. பாக்கிறவங்க எல்லாம் இது பெட்டி மாதிரி இருக்குன்னுதான் சொல்வாங்களாம். உங்க வீட்டம்மா படுத்தபடியே ரெண்டு கையையும் நீட்டினாங்களாம். ரெண்டு பக்கமும் சுவர் இடிச்சிருக்கு. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாங்களாம்."

தாடிக்காரரே அதைச் சொன்னார். தாடிக்குள்ளிருந்து, தெளிவாக.

"போதும்."

"நான் சொன்னேன்ல மாமா!" என்று மச்சான் கத்தினான். கத்திக்கொண்டே அழுதான்.

"அன்னையிலிருந்து அதை இவர் சொல்லிட்டே இருக்காராம். கயிறு சரியாக் கட்டினா, டேங்க் நிரம்பினா, மழை விட்டா. பக்கத்துப் படகுக்காரங்களும் பழகிட்டாங்களாம். 'நல்லா இருக்கு'ன்னு அர்த்தம்னு நினைச்சிருக்கார். சரிதானான்னு கேக்கறார்." வக்கீலம்மா தயங்கினார். "நான் என்ன சொல்லட்டும்?"

"சரிதான்னு சொல்லுங்க" என்றேன்.

அன்று மாலை அவள் நனைந்து வீட்டுக்கு வந்திருப்பாள். மழையில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருப்பாள். நானும் தலை துவட்டு என்று சொல்லிவிட்டுப் பிழை திருத்தப் போயிருப்பேன். எனக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் இப்போது அவள் ஒரு சின்ன அறையில் கைகளை நீட்டிப் படுத்திருக்கிறாள், வெளியே மழை, யாரோ அவளுக்காக டீயைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறார். நான் இதுவரை பார்க்காதது. புதியது. அவளிடமிருந்து வந்தது.

போகும்போது அவள் அவரை மிரட்டிவிட்டும் போயிருக்கிறாள். தாடிக்காரர் அதை நடித்தே காட்டினார்: துணியைப் பிழிவது போல, மடிப்பது போல, பிறகு முகத்துக்கு நேரே ஆட்காட்டி விரல். ஈரத்தோடு மடிக்கக் கூடாது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. என் வீட்டில் அந்த விரலை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நங்கூரத்தைச் சுற்றுகிற கந்தலாகிப் போன பிறகும் நன்றாகக் காயவைத்துத்தான் உள்ளே வைத்தாராம்.

அவர் எங்களை இறங்கச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று வக்கீலம்மா சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. பழைய பெயர் இருந்த மாதிரியே திரும்ப வர வேண்டும்.

அந்த எழுத்து எனக்குத் தெரியாது. மெல்லிய தாளை உறையின்மேல் விரித்து, அவளுடைய தையல் மேட்டின் வழியாகவே பென்சிலை ஓட்டினேன். பொருள் தெரியாத எழுத்தை அவள் நூலால் பின்தொடர்ந்த அதே வளைவுகள். அவள் திரும்பிய இடத்தில் நானும் திரும்பினேன். 'ஊசி'யைச் சுரண்டி எடுத்தேன். தாளைப் பலகையில் ஒட்டி, அவள் எழுத்தைப் பெயிண்டில் எழுதினேன். மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அந்தக் கொம்பு கொஞ்சம் சாயுது" என்றான். "உங்க அக்கா அப்படித்தான் சாய்ச்சிருக்கா" என்றேன்.

அதிகாரி மறுபடியும் வந்தார். பெயரைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். காணாமல் போன படகு கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

நீக்கச் சான்று கைக்கு வந்த அன்று, சலவைக்கடையின் நீராவிக்கு நடுவே வக்கீலம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "இனி படகு உங்களுது. உங்க ஊருல என்ன பேர்ல பதியப் போறீங்க? இப்ப என்ன வேணா வைக்கலாம். சட்டம் குறுக்க வராது."

மச்சான் என்னை முந்தினான். "ஊசிதான். அதுக்குத்தானேம்மா வந்தோம்."

"இருக்கிறதே இருக்கட்டும்" என்றேன்.

"மாமா!"

"அந்தப் பேரை அவ கையால எழுதியிருக்கா மாப்ளே. ஊசின்னு நான்தான் எழுதினேன்."

வக்கீலம்மா எழுதிக்கொண்டார். வாசல்வரை வந்து, "உங்க வீட்டம்மா கடைசியா எங்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? 'எங்க வீட்டுக்காரருக்குப் பொறுமையாப் புரிய வைப்பீங்களா'ன்னு. சரின்னு சொல்லிட்டேன். அதுக்கு மட்டும் தனியா ஃபீஸ் கேட்டிருக்கணும்" என்றார்.

புறப்பட வேண்டிய காலையில் காற்று எங்கள் பக்கம் இருந்தது. விடியும் முன் பெய்த மழையில், நாங்கள் திரும்பவும் மேலே மாட்டியிருந்த உறை நனைந்திருந்தது. தாடிக்காரர் வழியனுப்பக் கரையில் நின்றார். மச்சான் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு உறையைக் கழற்றி மடிக்கப் போனான்.

"மடிக்காதே" என்றேன்.

"போற வழியில காஞ்சிக்கும் மாமா. துறைமுகத்துல கடல் தண்ணி வத்திட்டா இன்னைக்கு வெளிய போக முடியாது."

"அப்ப நாளைக்குப் போவோம்."

அவன் என்னைப் பார்த்தான். கரையில் நின்றவரைப் பார்த்தான். அவர் மெதுவாக ஆட்காட்டி விரலைத் தூக்கினார். மச்சான் எஞ்சினை நிறுத்தினான். மூன்று பேருமாக உறையை விரித்து, பாய்மரத்திலிருந்து பின்கம்பிவரை கயிறு கட்டிக் காயப்போட்டோம். வெயில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. துணியின் ஓரத்திலிருந்து சொட்டு விழுவது குறைந்துகொண்டே போயிற்று.

நான் முன் அறைக்குள் போய்ப் படுத்தேன். கைகளை நீட்டினேன்.